“நேரா போட்டா மோட்டார் போயிடும் சார்!” - மந்தைவெளி கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் ஒரு மணி நேரம்

மாப்பிள்ளை, பொண்ணு மேடையில் நின்று பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. போட்டோவுக்கான வரிசை டைனிங் ஹால் படிக்கட்டு வரை நீண்டிருந்தது. அப்போதுதான் அந்தக் காற்று நின்றது. லைட் எரிகிறது, மைக் பாடுகிறது, ஏ.சி. மட்டும் இல்லை.

முதல் ஐந்து நிமிஷம் யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு பாட்டி தாம்பூலப் பையை மடித்து விசிற ஆரம்பித்தார். அதைப் பார்த்து அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. வைகாசி மாதம், மந்தைவெளி, பட்டுப்புடவை. மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

தோழியின் அக்கா கல்யாணம் என்பதால் எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. காற்று வாங்கலாம் என்று மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கே எனக்கு முன்பே நான்கு பேர் இருந்தார்கள். மண்டபத்தின் மேனேஜர், பெண்ணுடைய சித்தப்பா, ஒரு உதவியாளர் பையன், பிறகு ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு எலெக்ட்ரீஷியன். நான்கு பேரும் தண்ணீர் டேங்க் மாதிரி இருந்த ஒரு பெரிய ஃபைபர் கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன் உச்சியில் ஒரு பெரிய ஃபேன். அது சுற்றவில்லை.

“ரிலேவை எடுத்துட்டு நேரா போட முடியாதா? ஒரு மணி நேரம் ஓடினா போதும்பா, ரிசப்ஷன் முடிஞ்சிடும்” என்றார் சித்தப்பா.

“நேரா போட்டாலும் சுத்தாது சார். உறுமும். ரெண்டு நிமிஷத்துல கருகிடும். அப்புறம் நாளைக்குக் காலையில முகூர்த்தத்துக்கும் ஏ.சி. இருக்காது” என்றார் எலெக்ட்ரீஷியன்.

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். பிளஸ் டூ பிஸிக்ஸில் நான் எடுத்த மார்க்கை இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால், அந்த வாக்குவாதம் என்னை விடவில்லை. ஒரு வாரம் கழித்து அதே மண்டபத்துக்குப் போய், அதே அண்ணனிடம் பாதி நாள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “வேலை பண்ற இடத்துல வம்பு எதுக்கும்மா” என்பது அவர் சொன்ன காரணம்.

ஃபேன் நின்றால் ஹால் ஏன் வேர்க்கிறது?

நம் வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.யில் வெளியே ஒரு பெட்டி தொங்கும் இல்லையா, அது அறையின் வெப்பத்தை நேரடியாகக் காற்றில் விடுகிறது. பெரிய மண்டபங்கள், மருத்துவமனைகள், தியேட்டர்கள், ஐஸ் ஃபேக்டரிகள் பலவற்றில் அந்த வேலையைத் தண்ணீர் செய்கிறது. கம்ப்ரஸர் வெளியேற்றும் வெப்பத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். சூடான அந்தத் தண்ணீரை ஒரு பம்ப் மொட்டை மாடிக்கு ஏற்றும். அங்கே கூண்டுக்குள் அது மழை மாதிரி கொட்டும். உச்சியில் இருக்கும் ஃபேன் கீழிருந்து காற்றை மேலே இழுக்கும். தண்ணீரில் கொஞ்சம் ஆவியாகும், மீதி குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே சங்கதி. இந்தக் கூண்டுக்குப் பெயர்தான் கூலிங் டவர்.

அன்றைக்கு நடந்ததைப் பின்னாலிருந்து சொன்னால் இப்படி வரும். ஹால் வேர்த்தது, ஏனென்றால் கம்ப்ரஸர் நின்றது. கம்ப்ரஸர் நின்றது, ஏனென்றால் அதற்கு வந்த தண்ணீர் சூடாக இருந்ததால் உள்ளே அழுத்தம் ஏறி, அதுவே தன்னை நிறுத்திக்கொண்டது. தண்ணீர் சூடானது, ஏனென்றால் டவர் ஃபேன் நின்றது. ஃபேன் நின்றது, ஏனென்றால் அதன் ஸ்டார்ட்டரில் இருந்த ஓவர்லோட் ரிலே தட்டிவிட்டது. ரிலே தட்டியது, ஏனென்றால் மூன்று பேஸில் ஒன்று வரவில்லை. அந்த ஒன்று ஏன் வரவில்லை என்றால், மாடியில் ஃபேன் பக்கத்திலேயே இருந்த ஐசொலேட்டர் சுவிட்சுக்குள் ஒரு ஸ்க்ரூ லூஸ்.

அறுநூறு பேர் வேர்த்ததற்குக் காரணம் சுண்டுவிரல் நகம் அளவு ஸ்க்ரூ.

மூன்று பேர் தூக்கும் பல்லக்கு

சித்தப்பாவுக்கு அண்ணன் அன்று சொன்ன விளக்கம் மயிலாப்பூர்க்காரர்களுக்கு உடனே பிடிபடும். “பங்குனியில கபாலி கோயில் உற்சவம் பார்த்திருப்பீங்க. மூணு பேரு சேர்ந்து ஒரு பாரத்தைத் தூக்கிட்டுப் போறாங்கன்னு வைங்க. நடுவழியில ஒருத்தன் கழண்டுக்கிட்டான். மத்த ரெண்டு பேரும் உடனே கீழ போட மாட்டாங்க. பல்லைக் கடிச்சிக்கிட்டு நடப்பாங்க. கொஞ்ச தூரம் போனதும் ரெண்டு பேரும் விழுந்துடுவாங்க. கீழ வச்ச பாரத்தை ரெண்டு பேரா தூக்கச் சொன்னா, தூக்கவே முடியாது.”

த்ரீ பேஸ் மோட்டாரும் அப்படியே. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் அது நிற்காது. மீதி இரண்டு பேஸில் சுமார் 1.7 மடங்கு கரன்ட்டை இழுத்துக்கொண்டு ஓடும். வெளியே பார்ப்பவருக்குச் சத்தம் லேசாக மாறியது மட்டும்தான் தெரியும். நின்ற மோட்டாரைப் போட்டால் சுற்றாமல் உறுமும், அப்போது இழுக்கும் கரன்ட் இன்னும் பல மடங்கு. இரண்டிலுமே உள்ளே காயில் வெந்துகொண்டிருக்கும். எலெக்ட்ரீஷியன்கள் இதை ‘சிங்கிள் பேஸிங்’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் மோட்டார் கருகுவதற்கு அதிகம் காதில் விழும் காரணம் இதுதான். விவசாய பம்ப்செட் வைத்திருப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

கருகிய மோட்டாரைப் பிரித்தால், ரீவைண்டிங் பட்டறைக்காரர் போஸ்ட்மார்ட்டம் டாக்டர் மாதிரி காரணம் சொல்லிவிடுவாராம். உள்ளே மூன்று செட் காயில். மூன்றும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் பாரம் அதிகம், அல்லது பேரிங் பிடித்துக்கொண்டது. இரண்டு செட் கருகி ஒன்று மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், ஸ்டார் இணைப்பில் ஓடிய மோட்டார், ஒரு பேஸ் போயிருக்கிறது. ஒன்று கருகி இரண்டு நன்றாக இருந்தால், டெல்டாவில் ஓடிய மோட்டார், அதிலும் ஒரு பேஸ் போயிருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு ஒரு க்ரைம் நாவல் படித்த திருப்தி.

இன்னொன்றும் சொன்னார். அது நம் வீட்டுக்கும் பொருந்தும். அன்று அந்த உதவியாளர் பையன் டெஸ்டரை மூன்று ஒயரிலும் வைத்துப் பார்த்திருக்கிறான். மூன்றிலும் எரிந்திருக்கிறது. “கரன்ட் வருதுண்ணா” என்று சொல்லிவிட்டான். ஆனால் செத்துப்போன அந்த ஒயரில் எரிந்தது, மற்ற இரண்டு பேஸிலிருந்து மோட்டார் காயில் வழியாகச் சுற்றித் திரும்பி வந்த கரன்ட். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. அண்ணன் மல்டிமீட்டரை எடுத்து, ஐசொலேட்டருக்குள் வரும் பக்கத்தில் இரண்டு இரண்டு பேஸாக அளந்தார். மூன்று ஜோடியிலும் 400 வோல்ட்டுக்கு மேல். வெளியே போகும் பக்கம் அளந்தார். இரண்டு ஜோடியில் இறங்கியிருந்தது. கோளாறு அந்த டப்பாவுக்குள்தான் என்பது ஒரே நிமிஷத்தில் முடிவானது.

அலுமினியமும் ஒரு திருகும்

டப்பாவைத் திறந்ததும் பிளாஸ்டிக் கருகிய வாடை. மூன்று ஒயரில் நடு ஒயரின் தோல் உருகிப் பழுப்பாகியிருந்தது.

“இதைப் பாரும்மா” என்று ஒரு வாரம் கழித்து அந்தத் துண்டை எனக்குக் காட்டினார். பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். அலுமினிய கேபிள். லக் போடாமல், இழைகளை முறுக்கி, அப்படியே ஸ்க்ரூவுக்கு அடியில் சொருகி டைட் வைத்திருக்கிறார்கள் யாரோ. போட்ட அன்றைக்கு அது இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி விலகிக் கொடுக்கும். மோட்டார் ஓடும்போது சூடாகி விரியும், நின்றால் சுருங்கும். ஒரு வருஷத்தில் பிடி தளர்ந்துவிடும். தளர்ந்த இடம் இன்னும் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். போதாததற்குப் பட்டினப்பாக்கத்துக் கடல் காற்று வேறு உப்பைக் கொண்டுவந்து அப்பிவிடும்.

சரியான முறை என்ன? கேபிளின் அளவுக்கேற்ற லக், அதை அழுத்துவதற்கென்றே இருக்கும் கிரிம்பிங் கருவி, அலுமினியத்தைச் செம்பு முனையில் சேர்ப்பதென்றால் இரண்டு உலோகமும் கலந்த பைமெட்டல் லக். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. கேபிள் டப்பாவுக்குள் நுழையும் இடத்தில் கிளாண்ட் இருக்க வேண்டும், அது கீழ்நோக்கி இருக்க வேண்டும். நுழைவதற்கு முன் கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேற வேண்டும், அப்போதுதான் மழைத் தண்ணீர் கேபிளோடு ஓடிவந்து டப்பாவுக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கூலிங் டவர் பக்கத்தில் மழைக்காலம் என்று தனியாக ஒன்றும் இல்லை. வருஷம் முழுக்கச் சாரல்தான்.

இந்த வேலைகளுக்கு ஆகும் பொருட்செலவு அந்த ரிசப்ஷனில் ஒரு வரிசை இலைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு என்பது என் கணக்கு. அண்ணன் சிரித்தார், மறுக்கவில்லை.

35 ஆம்பியர் மோட்டாருக்கு 20-ல் வைக்க வேண்டுமா?

கீழே பேனல் ரூமுக்குக் கூட்டிப்போனார். பீரோ அளவு இரும்புப் பெட்டி. அதில் அவர் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பொருளின் முன்னால். அதுதான் ஓவர்லோட் ரிலே. மோட்டார் எவ்வளவு கரன்ட் வரை இழுக்கலாம் என்று ஒரு சின்ன டயலில் திருப்பி வைக்கலாம். அதைத் தாண்டினால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தட்டிவிடும்.

பிரச்னை இங்கேதான் வருகிறது. மோட்டாரை நேரடியாக லைனில் போட்டால், கிளம்பும் அந்தச் சில விநாடிகளில் வழக்கமான கரன்ட்டைப்போல ஆறு, ஏழு மடங்கு இழுக்கும். கம்ப்ரஸர் மாதிரி பெரிய மோட்டார் அப்படிக் கிளம்பினால் ஊரே ஒரு தடவை மங்கி எரியும். அதனால் முதலில் ‘ஸ்டார்’ என்ற இணைப்பில் மெதுவாகக் கிளப்பி, வேகம் பிடித்ததும் ‘டெல்டா’வுக்கு மாற்றுவார்கள். ஸ்டாரில் கிளம்பும்போது லைனில் இழுக்கும் கரன்ட் மூன்றில் ஒரு பங்காகிவிடும். 25 எச்.பி. மோட்டார் என்றால் முழுப் பாரத்தில் சுமார் 35 ஆம்பியர். நேராகப் போட்டால் 200 ஆம்பியருக்கு மேல் துள்ளும், ஸ்டாரில் போட்டால் 70 சொச்சம்.

இந்த ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே பெரும்பாலும் டெல்டா சுற்றுக்கு உள்ளே இருக்கும். அந்த இடத்தில் ஓடுவது லைன் கரன்ட் முழுவதும் இல்லை, அதில் 0.58 பங்குதான். அதாவது 35 ஆம்பியர் மோட்டாருக்கு ரிலேயில் வைக்க வேண்டியது சுமார் 20. மோட்டாரின் நேம் பிளேட்டில் 35 என்று போட்டிருக்கிறதே என்று ரிலேயையும் 35-ல் வைத்தால் என்ன ஆகும்? மோட்டார் 60 ஆம்பியர் இழுத்துக் கருகினாலும் ரிலே ‘எல்லாம் சரியாகத்தான் போகிறது’ என்று உட்கார்ந்திருக்கும்.

“நான் புதுசா ஒரு இடத்துக்குப் போனா முதல்ல இந்த டயலைத்தான் பார்ப்பேன். நிறைய இடத்துல கடைசிவரைக்கும் திருப்பி வச்சிருப்பான். ஏன்னு கேட்டா, ‘அடிக்கடி ட்ரிப் ஆகுது சார், அதான்’ம்பான். ஜுரம் அடிக்குதுன்னு தெர்மாமீட்டரை உடைச்ச மாதிரி.”

மோட்டாரின் டெர்மினல் பாக்ஸில் ஆறு முனைகள் இருக்கும். நேராகக் கிளப்பும் மோட்டாரில் அவற்றைச் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் இணைத்திருக்கும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் இருந்து ஆறு ஒயர் கொண்டுவந்து இணைப்பவர், அந்தத் தகடுகளைக் கழற்ற மறந்தால் போட்ட நொடியில் வெடிச் சத்தம்தான். அதேபோல ஸ்டார், டெல்டா இரண்டு கான்டாக்டரும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டால் நேருக்கு நேர் ஷார்ட். அதைத் தடுக்க இரண்டுக்கும் நடுவே இன்டர்லாக் வைப்பார்கள். எல்லா மோட்டாரையும் டெல்டாவில் ஓட்டலாம் என்றும் நினைக்கக் கூடாது. சிறிய மோட்டார்கள் சில ஸ்டாரில் மட்டுமே ஓட வேண்டியவை. அவற்றை டெல்டாவில் போட்டால் காயிலுக்கு 240 வோல்ட்டுக்குப் பதிலாக 415 வோல்ட் ஏறும். எது எப்படி என்று நேம் பிளேட்டில் எழுதியிருக்கும். நேம் பிளேட் மேல் பெயின்ட் அடித்துவிடும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள் என்பது அண்ணனின் தனி வருத்தம்.

நின்ற மோட்டார், அணைத்த மோட்டார்

இதுவரை சொன்னதெல்லாம் மோட்டார் சாவதைப் பற்றி. அடுத்து அவர் சொன்னது மனிதர்களைப் பற்றி. அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

கூலிங் டவர் ஃபேன் பல இடங்களில் தெர்மோஸ்டாட்டோடு இணைந்திருக்கும். தண்ணீர் போதுமான அளவு குளிர்ந்தால் தானாக நிற்கும், சூடேறினால் தானாக ஓடும். மேலே ஏறிப் பார்ப்பவருக்கு அது நின்றிருப்பதாகத் தெரியும். கூண்டுக்குள் கையை விடுவார், பெல்ட்டைத் தொடுவார். கீழே தண்ணீர் ஒரு டிகிரி ஏறும். யாரும் சுவிட்சைத் தொடாமலே ஃபேன் கிளம்பும்.

அவரோடு சின்ன வயதில் வேலை கற்ற ஒருவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. இதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால்தான் அன்றைய ரிசப்ஷனில் அவ்வளவு அவசரத்திலும் அவர் செய்த முதல் வேலை கீழே இறங்கிப் போனது. பேனலில் அந்த ஃபேனின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ‘ஆள் வேலை செய்கிறார், சுவிட்சைத் தொடாதீர்கள்’ என்ற அட்டையை மாட்டினார். மேலே வந்து மீட்டரை முதலில் கரன்ட் இருக்கும் ஓர் இடத்தில் வைத்து, மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்தார். பிறகு வேலை செய்யப்போகும் ஒயரில் கரன்ட் இல்லை என்று பார்த்தார். திரும்பவும் கரன்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கு அப்போது அது வீண் வேலையாகத்தான் தெரிந்தது. நடுவில் மீட்டரின் ஒயரே அறுந்துபோயிருந்தால் பூஜ்யம்தானே காட்டும் என்று பிறகுதான் புரிந்தது.

“சாவியை மேனேஜர்கிட்ட குடுத்துட்டுப் போகலாம்ல அண்ணா?” என்றேன்.

“குடுக்கலாம். நீ மேல வேலை பண்ற. கீழ பொண்ணோட அப்பா வந்து கத்துறாரு. மேனேஜர் என்ன பண்ணுவாரு? சாவி என் பையில இருந்தா, நான் கீழ வந்தாத்தான் மோட்டார் ஓடும்.”

அடுத்தது எர்த். ஈரத் தரை, இரும்புச் சட்டம், சாரல், பல நேரம் வெறுங்கால். மோட்டாருக்குள் ஒயரின் இன்சுலேஷன் போய், வெளிக்கூட்டில் கரன்ட் ஏறினால், தொடுபவரின் உடம்புதான் அதற்கு வழி. எர்த் ஒயர் சரியாக இருந்தால் கரன்ட் அதன் வழியாகப் பாய்ந்து ஃபியூஸையோ பிரேக்கரையோ தட்டிவிடும். நிலையாகப் பொருத்திய மோட்டாரின் உடலுக்கு ஒன்றல்ல, இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பது நம் நாட்டில் 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் காலத்திலிருந்தே உள்ள சட்டம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளிலும் அது தொடர்கிறது. ஏன் இரண்டு? எர்த் அறுந்தால் மோட்டார் நிற்காது, ஃபேன் சுற்றும், ஹால் குளிரும். அறுந்தது யாருக்குமே தெரியாது. தெரியவரும் நாளில் இன்னொரு கம்பி மிச்சம் இருக்க வேண்டும்.

இந்த மண்டபத்து டவரில் இரண்டு ஜி.ஐ. பட்டைகள் இருந்தன. ஒன்று அடிப்பகுதியில் துருப்பிடித்து, கையால் ஆட்டினால் ஆடியது. மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

அம்மோனியா இருக்கும் இடங்கள்

மண்டபத்தில் ஏ.சி. நின்றால் வேர்க்கும், அவ்வளவுதான். ஐஸ் ஃபேக்டரிகளிலும் மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும் பெரும்பாலும் குளிரூட்டுவது அம்மோனியா வாயு. அங்கே ஒரு மின் கோளாறு வேறு மாதிரி முடியும். 2024 ஜூலையில் தூத்துக்குடி பக்கம் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் மின் விபத்தைத் தொடர்ந்து அம்மோனியா கசிந்து, பெண் தொழிலாளர்கள் பலர் மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தியை எங்கள் டெஸ்க்கில் நாங்களும் அடித்தோம். அன்று எனக்கு அது நான்கு வரிச் செய்தி. இப்போது படித்தால், அந்த ஆலையின் பேனலில் டயல் எந்த எண்ணில் இருந்திருக்கும் என்றெல்லாம் யோசனை ஓடுகிறது.

சென்னைக்காரர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. மந்தைவெளியில் இருந்து பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வரும் ஐஸ் ஹவுஸ், மோட்டாரே இல்லாத காலத்துக் குளிர்சாதனம். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கொண்டுவந்து இறக்கி வைப்பதற்காக ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி 1842-ல் கட்டிய கிடங்கு அது. இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

சரி, மொட்டை மாடிக்குத் திரும்புவோம்.

உங்கள் அபார்ட்மென்ட்டிலும் ஒன்று இருக்கிறது

‘எனக்கு எதுக்கு இதெல்லாம், நான் என்ன ஐஸ் ஃபேக்டரியா வச்சிருக்கேன்’ என்று இங்கேயே ஸ்க்ரோல் செய்துவிட வேண்டாம். மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு அபார்ட்மென்ட் பலவற்றில் போர் மோட்டாரோ, லிஃப்ட்டோ த்ரீ பேஸில்தான் ஓடுகிறது. எதிர் வீட்டில் லைட் எரிகிறது, நம் வீட்டில் இல்லை என்றால், ஒரு பேஸ் போயிருக்கலாம். அந்த நேரத்தில் வாட்ச்மேன் மோட்டார் போட்டால், மேலே சொன்ன பல்லக்குக் கதைதான். மோட்டார் பேனலில் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் என்ற சின்னக் கருவி இருக்கிறதா என்று அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு பேஸ் போனால் அதுவே மோட்டாரை நிறுத்திவிடும், ஓட விடாது. பேஸ் போன புகாரை மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-ல் சொல்லலாம்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீருக்குள் போன மோட்டார்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் தவறு, ‘ஓடுதான்னு பார்ப்போம்’ என்று சுவிட்சைப் போட்டது. நனைந்த மோட்டாரை முதலில் காய வைக்க வேண்டும். பிறகு மெகர் என்ற கருவியால் 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்க வேண்டும். குறைந்தது 1 மெகா ஓமாவது காட்டாமல் அதற்குக் கரன்ட் கொடுக்கக் கூடாது. இதை நீங்கள் செய்ய வேண்டாம், செய்பவரிடம் ‘மெகர் பார்த்தீங்களா’ என்று கேட்டால் போதும். அவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

யாரைக் கூப்பிடுவது என்பதிலும் ஒரு விஷயம் உண்டு. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம், மின்கம்பியாளர்களுக்கும் அவர்களின் உதவியாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் தகுதிச் சான்றிதழ் தருகிறது. ஒப்பந்ததாரர்களுக்குத் தனி உரிமம். நம் அண்ணன் ஐ.டி.ஐ. படித்தவர், சான்றிதழைப் புதுப்பித்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். “இத்தனை வருஷத்துல கஸ்டமர் ஒருத்தர்கூட இதைக் காட்டுன்னு கேட்டதில்லம்மா” என்றார். பெருமையாகவா, வருத்தமாகவா என்று எனக்குப் பிடிபடவில்லை.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள். மெயின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்து, அது சாதாரண வீட்டு லைன் என்றால், காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடலாம். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி, கூடவே 108.

ஐம்பது நிமிஷம்

அந்த இரவு, கருகிய முனையை வெட்டி எறிந்து, கேபிளைக் கொஞ்சம் உள்ளே சீவி, புது லக் போட்டு, ஐசொலேட்டரையும் பேனல் ரூமில் இருந்த புதியதாக மாற்றி முடிக்க ஐம்பது நிமிஷம் ஆனது. அதற்குள் சித்தப்பா மூன்று தடவை மாடி ஏறி இறங்கினார். கடைசித் தடவை வரும்போது அவர் கையில் அண்ணனுக்கு ஒரு ரோஸ் மில்க் இருந்தது.

எல்லாம் முடிந்து கீழே போய்ப் பூட்டைத் திறந்து வந்தவர், ஃபேனை ஒரு விநாடி மட்டும் போட்டு உடனே அணைத்தார். ரெக்கை மெதுவாகத் திரும்பி நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“என்ன அண்ணா, மறுபடியும் போச்சா?”

“இல்லம்மா. எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்த்தேன். ஒயரைக் கழட்டி மாட்டினோம்ல, ரெண்டு மாறியிருந்தா எதிர்ப் பக்கம் சுத்தும். சத்தம் வரும், காத்து வரும், எல்லாம் வரும். ஆனா காத்து கீழ்நோக்கிப் போகும், தண்ணி சரியா குளிராது. நாளைக்குக் காலையில திரும்ப என்னைக் கூப்பிடுவாங்க.”

சரியான பக்கம்தான் சுற்றியது. கிளாம்ப் மீட்டரை மூன்று ஒயரிலும் மாட்டிப் பார்த்தார். மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, நேம் பிளேட்டில் உள்ளதற்குக் கீழே. டவரில் இருந்து ஈரக் காற்று மேலே கிளம்பியது. கால் மணி நேரத்தில் கீழே கம்ப்ரஸர் மறுபடி பிடித்துக்கொண்டது.

நான் இறங்கி வந்தபோது கூட்டம் பாதி கலைந்திருந்தது. மீதிப் பேர் தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மாமா, “ரொம்பக் குளிருதே, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ” என்றார்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது அண்ணன் பம்ப் மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிலும் ஒரு ஒயர் லக் இல்லாமல் முறுக்கிச் சொருகியிருந்தது. வெள்ளிக்கிழமை அடுத்த முகூர்த்தம், அதற்குள் மீதி இருக்கும் ஏழு டப்பாவையும் பார்த்துவிட வேண்டும் என்றார்.